ஆசிரியர் ஊதியமும் ஊரார் வரியும்



நான் பள்ளியில் பணியாற்றிய நாளில், குடிமையியல் பாடம் நடத்தும்போதெல்லாம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். “எனக்கு மாதந்தோறும் ஊதியம் கொடுப்பவர் யார்?” என்பேன். “கவர்ன்மெண்ட், சார்!” என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடையிறுக்கும். “அந்தக் கவர்ன்மெண்டுக்குக் கொடுப்பவர் யார்?” என்று அடுத்துக் கேட்டால் குரல் தணிந்துவிடும். வருமான வரி கட்டும் செல்வர்கள் என்று சிலர் கூறுவர். உலக வங்கி என்று துணிந்து சொன்ன மாணவனும் உண்டு.

வருமான வரி மத்திய அரசு விதிப்பது. அதில் ஒரு பங்கு, நிதிக்குழு வகுக்கும் முறைப்படி மாநிலத்துக்கும் வந்து சேர்கிறது என்பது உண்மையே. ஆயினும் தமிழ்நாட்டு அரசின் வருவாயில் மிகப் பெரும் பகுதி அரசு தானே திரட்டும் வரிகளாகும். பொருள்கள் மற்றும் சேவைகள் வரி, பெட்ரோல், டீசல், மதுவகைகள் ஆகியவற்றின் மீது விதிக்கும் விற்பனை வரி, ஆயத்தீர்வை, பத்திரப் பதிவுக் கட்டணம், வாகன வரி என அவை பலவாகும். தியாகராயநகர் உஸ்மான் சாலையில் நகை வாங்குபவர் இதனைக் கட்டுகிறார். அடையாற்றில் வீட்டைப் பதிவு செய்பவர் கட்டுகிறார். மயிலை மாட வீதியில் பூக்கட்டி விற்கும் மூதாட்டியும், பெட்டிக்கடையில் ஒரு சோப்புக் கட்டி வாங்கும்போது, தாம் அறியாமலே கட்டுகிறார். ‘வரி செலுத்துவோர்’ என்றவுடன் கோட்டும் காலணியும் அணிந்த ஒருவரையே நாம் மனத்தில் காண்கிறோம். அந்தச் சித்திரத்தில் பூக்கூடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், அவர் தம் பேரனை அனுப்புவது பெரும்பாலும் அரசு சம்பளம் கொடுக்கும் ஆசிரியரிடமே. ஆசிரியர் ஊதியத்தின் செலவையும் அவர் ஏற்கிறார். ஆசிரியர் வராத நாளின் செலவையும் அவரே ஏற்கிறார்.

அந்தச் செலவு எவ்வளவு? 2025-26ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்நாட்டின் மொத்த வருவாய் வரவு 3,31,569 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. இதில் மாநிலத்தின் சொந்த வரி வருவாய் 2,20,895 கோடி. அரசுப் பணியாளர் சம்பளத்துக்கு ஏறத்தாழ 90,000 கோடியும், ஓய்வு பெற்றோருக்கு ஏறத்தாழ 41,000 கோடியும் ஒதுக்கப்பட்டன. வரும் நூறு ரூபாயில் சம்பளத்துக்கு 27, ஓய்வூதியத்துக்கு 12 எனக் கொள்ளலாம். பழைய கடன்களுக்கு வட்டி 21 ரூபாய் ஆகிறது. எஞ்சிய நாற்பது ரூபாயில்தான் சாலை, மருந்து, மானியம், பாசனம், உதவித்தொகை யாவும் நடைபெற வேண்டும்.

பள்ளிக்கல்வித் துறைக்கு அவ்வாண்டு 46,767 கோடி ஒதுக்கப்பட்டது. கல்லூரி மாணவர்கள் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பள்ளிக்கல்வி, சட்டமன்றத்தில் 43ஆம் எண் மானியக் கோரிக்கையாக வருகிறது. ஆனால் ஓய்வு பெற்ற ஆசிரியரின் ஓய்வூதியம் அந்த ஏட்டில் இல்லை. அது 50ஆம் எண் கோரிக்கையில், மற்றத் துறையினரின் ஓய்வூதியத்தோடு கலந்து நிற்கிறது. ஓர் ஆசிரியரை இன்று அமர்த்துவதால் உண்டாகும் செலவின் ஒரு பாதி ஓர் ஏட்டிலும், மறுபாதி முப்பது ஆண்டு கழித்து வேறோர் ஏட்டிலும் எழுதப்படுகின்றன. நான் சொல்லவந்த செய்தியின் வேர் இந்த இரண்டு ஏடுகளுக்கு இடையில்தான் உள்ளது.

அமெரிக்க நாட்டில் ஆசிரியர் சங்கமும் பள்ளி வாரியமும் எதிரெதிரே அமர்ந்து பேசி, ஊதியம், வேலைநேரம், வகுப்பின் அளவு முதலியவற்றை எழுதிக் கையொப்பமிடும் வழக்கம் பல மாநிலங்களில் உண்டு. அது முறையான ஒப்பந்தம். நம் நாட்டில் அரசு ஆசிரியருக்கு அத்தகைய ஒப்பந்தம் இல்லை. ஊதியக்குழு பரிந்துரைக்கும், அரசு ஆராய்ந்து ஆணை பிறப்பிக்கும், ஆணையில் கண்டதே ஊதியம். தொழிலாளருக்கு உரிய தொழிற்தகராறுச் சட்டத்தின் வழியும் ஆசிரியருக்கு அடைபட்டிருந்தது. ஆசிரியர் அச்சட்டத்தின் பொருளில் ‘தொழிலாளி’ ஆகார் என்று உச்ச நீதிமன்றம் 1988இல், கோவாவைச் சேர்ந்த சுந்தரம்பாள் என்னும் ஆசிரியையின் வழக்கில் தீர்ப்பளித்தது. சங்கம் அமைக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு தருகிறது; வேலைநிறுத்தம் செய்யும் உரிமை அதனுள் அடங்காது என்பது 1962ஆம் ஆண்டு முதலே நீதிமன்றங்கள் கூறிவரும் கொள்கை. ஆகவே நம் ஆசிரியர் சங்கங்கள் விண்ணப்பம் கொடுக்கும், மாநாடு கூட்டும், சேப்பாக்கத்தில் ஆர்ப்பாட்டம் செய்யும், தேர்தல் நெருங்கும் காலத்தில் குரலை உயர்த்தும். பேரம் நடப்பதில்லை என்று எண்ணிவிட வேண்டாம். பேரம் நடக்கிறது, அதற்கு மேசைதான் இல்லை.

மேசை இல்லாமலே பெற்றவை சிறியவை அல்ல. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1955இல், அரசின் நேரடி ஊழியரல்லாத உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கும் உள்ளாட்சிப் பள்ளி ஆசிரியர்களுக்கும் சேமநிதி, காப்புறுதி, ஓய்வூதியம் ஆகிய மூன்றும் அடங்கிய திட்டம் சென்னை மாநிலத்தில் வந்தது. அதற்கு முன், நாற்பது ஆண்டு எழுத்தறிவித்த திண்ணைப்பள்ளி வாத்தியார் முதுமையில் பிள்ளைகள் கையை எதிர்பார்த்தே வாழ வேண்டியிருந்தது. 1981 ஜூன் முதல் நாளில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். நான் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்தபோது, இந்த உரிமைகளெல்லாம் மழையும் வெயிலும்போல இயற்கையாக வந்தவை என்றே எண்ணினேன். அக்கல்லூரி 1856இல் தோன்றியது. அதன் கட்டடத்தின் பழமை அப்படி எண்ணத் தூண்டும்.

இனி 2003ஆம் ஆண்டுக்கு வருவோம். இதுபற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும்.

தொண்ணூறுகளின் இறுதியில், மத்திய அரசின் ஐந்தாம் ஊதியக்குழுவை ஒட்டி மாநிலங்களும் ஊதியத்தை உயர்த்தின. பல மாநிலங்களின் கருவூலம் அதனால் தள்ளாடியது. தமிழ்நாட்டில் 2001இல் பதவியேற்ற அரசு, நிதிநிலை குறித்து ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. செலவைச் சுருக்கும் முயற்சியில் ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பெறும் பணம், ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை மொத்தமாகப் பெறும் வசதி, போனஸ் முதலியவற்றில் கைவைத்தது. இழந்ததைத் திரும்பக் கேட்டு அரசு ஊழியரும் ஆசிரியரும் 2003 ஜூலை 2ஆம் நாள் காலவரையற்ற வேலைநிறுத்தம் தொடங்கினர். 2002ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இன்றியமையாப் பணிகள் பராமரிப்புச் சட்டம் முன்னமே இருந்தது. ஜூலை 4ஆம் நாள் அவசரச் சட்டம் ஒன்று பிறந்தது. விசாரணையின்றிப் பணிநீக்கம் செய்ய அது வழிவகுத்தது. சில நாள்களில் ஏறத்தாழ 1,70,000 பேர் வேலை இழந்தனர்.

அப்போது நான் தென்சென்னையில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியன். கதவைத் திறந்து வைத்திருந்தேன். பாடம் நடத்த வந்தவர்கள் மூவர். அடுத்த தெருவில் இருந்த தனியார் பள்ளியின் மணி வழக்கம்போல் மணிக்கொருமுறை ஒலித்தது. மயிலையில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கி மகனைப் படிக்கவைத்த ஒரு தாய், வாயிற்படியில் நின்று, “எப்ப சார் பள்ளிக்கூடம் நடக்கும்? பையன் பீச்சுலயே கெடக்கறான்” என்று கேட்டார். அவரிடம் அவசரச் சட்டத்தையும் விடுப்பு ஒப்படைப்பையும் எவ்வாறு விளக்குவது? வேலைநிறுத்தத்தில் ஆலைத் தொழிலாளி வேலையை நிறுத்தினால் முதலாளிக்கு நட்டம். அதனால்தான் முதலாளி பேச வருகிறார். அரசுப் பள்ளி மூடப்பட்டால் அரசுக்குப் பண நட்டமில்லை. சொல்லப்போனால் அந்நாள்களின் சம்பளம் மிச்சம். நட்டம் அந்தத் தாய்க்கே. பொதுத்துறைச் சங்கத்தின் ஆயுதம் இந்த இடத்தில்தான் கூர் மழுங்குகிறது என்பது என் கருத்து.

வழக்கு உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் சென்றது. மன்னிப்புக் கடிதமும், இனி நடத்தை விதிகளை மீறுவதில்லை என்னும் உறுதிமொழியும் கொடுப்பவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள அரசு இசைந்தது. கைதானவர், வழக்குப் பதிவானவர் எனச் சில ஆயிரம் பேர் மட்டும் விலக்கி வைக்கப்பட்டு, அவர்களின் முறையீடுகள் ஓய்வு பெற்ற நீதிபதிகளின் ஆய்வுக்கு விடப்பட்டன. 2003 ஆகஸ்டு 6ஆம் நாள், டி.கே.ரங்கராஜன் தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்பு, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, நியாய அடிப்படையிலான உரிமையோ இல்லை என்று கூறிற்று. விசாரணையின்றி ஒன்றேமுக்கால் லட்சம் பேரை ஒரே வீச்சில் நீக்கியது முறையா என்பதைவிட, வேலைநிறுத்தம் முறையா என்பதையே தீர்ப்பு அதிகம் ஆராய்ந்தது எனச் சட்டம் பயின்றோர் பலர் அன்றே வருந்தினர்.

அவ்வழக்கில் அரசுத் தரப்பில் ஒரு புள்ளி கூறப்பட்டது. மாநிலத்தில் 12 லட்சம் அரசு ஊழியர் உள்ளனர். நேர்முக வரியால் வரும் வருவாயில் ஏறத்தாழ 90 விழுக்காடு அவர்களின் சம்பளத்துக்கே போகிறது என்பது அது. கேட்பவரைத் திடுக்கிட வைக்கும் எண். ஆயினும் விழுக்காடு என்று யார் எதைக் கூறினாலும், ‘எதில்?’ என்று கேட்கப் பழகுங்கள். மாநில அரசு உயிர்வாழ்வது, முன்னரே கூறியபடி, பெரும்பாலும் மறைமுக வரிகளால். வகுக்கும் எண்ணைச் சிறியதாக எடுத்துக்கொண்டால் ஈவு பெரியதாகத்தான் வரும். மொத்த வருவாயை வைத்து வகுத்தால் ஒரு விடை, சொந்த வரியை வைத்து வகுத்தால் மற்றொரு விடை. சற்றுமுன் நான் கொடுத்த 2025-26ஆம் ஆண்டுக் கணக்கையே பாருங்கள்: சம்பளமும் ஓய்வூதியமும் சேர்ந்து மொத்த வருவாயில் 40 விழுக்காடு, சொந்த வரியில் ஏறக்குறைய 60 விழுக்காடு. இரண்டும் மெய்யே. செலவு பெரிது என்பதில் ஐயமில்லை. அதை அஞ்சத்தக்கதாகக் காட்டுவதும் சாதாரணமாகக் காட்டுவதும் கூறுபவர் எடுத்துக்கொள்ளும் வகு எண்ணைப் பொறுத்தவை.

அடுத்த ஆண்டு, 2004 மே மாதம், மக்களவைத் தேர்தல் முடிவு வெளியாயிற்று. தமிழகத்தில் அன்றைய ஆளுங்கட்சிக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. ஊழியர் மீதான நடவடிக்கைகள் விரைவிலேயே கைவிடப்பட்டன. பறிக்கப்பட்ட சலுகைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரத் தொடங்கின. பணியில் இருந்தோர், ஓட்டும் சங்கமும் உடையோர், இழந்ததை மீட்டுக்கொண்டனர்.

மீளாதது ஒன்று இருந்தது. 2003 ஏப்ரல் முதல் நாளுக்குப் பின் பணியில் சேருவோருக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்று அரசு விதித்திருந்தது. பழைய முறையில், கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் பாதி, விலைவாசிக்கேற்ப உயரும் அகவிலைப்படியுடன், வாழ்நாள் முழுவதும் வரும். அதற்காக ஊழியர் தம் சம்பளத்திலிருந்து எதுவும் கொடுப்பதில்லை. புதிய பங்களிப்பு முறையில் ஊழியர் பத்து விழுக்காடு, அரசு பத்து விழுக்காடு செலுத்த வேண்டும். ஓய்வு பெறும்போது திரண்ட தொகை எதுவோ அது. 2003 ஜூலையில் சாலையில் நின்றவர்களில் மிகப் பலருக்கு இந்த விதி பொருந்தாது. பொருந்தியவர்கள் அன்று உங்களைப்போல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தனர். அவர்களுக்குச் சங்கம் இல்லை. அவர்கள் யாரென்பதே அன்று யாருக்கும் தெரியாது.

இதற்குப் பிறகு நடந்தவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. ஆசிரியர் செலவைக் குறைக்க வேண்டுமென்று எந்த அரசு நினைத்தபோதும், இருப்பவர் மடியில் கைவைக்கவில்லை. வரப்போகிறவர் தட்டில் குறைத்தது. எந்தக் கட்சி ஆண்டபோதும் இதில் பெரிய வேறுபாடு இல்லை.

அந்த ஆண்டுகளிலேயே அரசுப் பள்ளிகளில் சேர்ந்த புதிய ஆசிரியர்கள் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 3,000 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 4,000, முதுகலை ஆசிரியருக்கு 4,500. அகவிலைப்படி இல்லை, ஆண்டு உயர்வு இல்லை. ஒரே ஆசிரியர் அறையில் ஒரே பாடத்தை நடத்தும் இருவரில் ஒருவர் மற்றவரைப்போல் மும்மடங்கு பெறும் காட்சியை நாங்கள் நாள்தோறும் கண்டோம். 2006 ஜூன் முதல் நாளில் அவர்களுக்குக் காலமுறை ஊதியம் கிடைத்தது.

அடுத்து நான் கூறுவது 2009ஆம் ஆண்டின் கணக்கு. காகிதமும் எழுதுகோலும் அருகில் இருப்பவர் எழுதிக்கொள்ளலாம்.

ஆறாம் ஊதியக்குழுவை ஒட்டிய அரசாணை 2009 ஜூன் முதல் நாள் வந்தது. இடைநிலை ஆசிரியரின் பழைய தொடக்க ஊதியம் 4,500 ரூபாய். பணியில் இருப்போரின் பழைய ஊதியத்தை 1.86 ஆல் பெருக்கிப் புதிய ஊதியம் நிர்ணயிக்க வேண்டும் என்பது விதி. 4,500ஐ 1.86 ஆல் பெருக்கினால் 8,370. அதனோடு தர ஊதியம் 2,800. ஆனால் ஜூன் முதல் நாளோ அதன் பின்னரோ சேருபவருக்குப் பெருக்கிப் பார்க்கப் பழைய ஊதியம் ஏது? ஆகவே அவரை 5,200 முதல் 20,200 வரையுள்ள ஊதிய நிரலின் அடிப்படியில், அதாவது 5,200இல், நிறுத்தினர். தர ஊதியம் அதே 2,800. மே 31ஆம் நாள் சேர்ந்தவருக்கும் மறுநாள் சேர்ந்தவருக்கும் அடிப்படை ஊதியத்தில் 3,170 ரூபாய் வேறுபாடு. படிப்பு ஒன்று, பயிற்சி ஒன்று, வகுப்பு ஒன்று.

வேறுபாடு 3,170 ரூபாயோடு நின்றதா என்றால் இல்லை. அகவிலைப்படி அடிப்படை ஊதியத்தின் மீது விழுக்காடாகக் கணக்கிடப்படுவது. 2015ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அது 119 விழுக்காடாக இருந்தபோது, 3,170 ரூபாய் இடைவெளி 6,942 ரூபாயாக வளர்ந்திருந்தது. பின்னர் ஏழாம் ஊதியக்குழு 2.57 என்னும் பெருக்கியைக் கொண்டுவந்தது. 3,170ஐ 2.57 ஆல் பெருக்கினால் 8,147. பெருக்கல் என்பது நடுநிலையானதொரு செயல் என்று நாம் எண்ணுகிறோம். ஏற்றத்தாழ்வைப் பெருக்கினால் ஏற்றத்தாழ்வும் பெருகும். இடையில் தனி ஊதியம் என்று சிறிதளவு கொடுத்து இடைவெளியைத் தூர்க்க முயன்றனர், தூரவில்லை.

இவ்வாறு பாதிக்கப்பட்ட இடைநிலை ஆசிரியர்கள் 2022 டிசம்பரில், நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள கல்வி வளாகத்தில் உண்ணாநோன்பு இருந்தனர். நாங்கள் டி.பி.ஐ. என்று அழைத்துப் பழகிய அவ்வளாகம் அப்போதுதான் பேராசிரியர் அன்பழகன் பெயரைப் பெற்றிருந்தது. பலர் மயங்கி விழுந்தனர். ஊதிய முரண்பாட்டை ஆராயக் குழு அமைப்பதாக 2023 புத்தாண்டு நாளில் முதலமைச்சர் அறிவித்தார். அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் அவர்கள் மீண்டும் அதே வளாகத்தில் அமர வேண்டியிருந்தது.

சரிசெய்ய என்ன செலவாகும்? பாதிக்கப்பட்டோர் 20,000 பேர் அளவில் உள்ளனர் எனச் சங்கத்தார் கூறுவர். ஒரு பயிற்சிக் கணக்காக, ஒருவருக்கு மாதம் 8,147 ரூபாய் என வைத்துப் பன்னிரண்டு மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். அகவிலைப்படியும் தனி ஊதியமும் சேர்க்காமல், ஏறத்தாழ 195 கோடி. 46,767 கோடியில் அது நூறு ரூபாய்க்கு 42 காசு. பின் ஏன் தயக்கம்? ஒரு பிரிவுக்கு இணங்கினால் இதுபோன்ற முரண்பாடு உள்ள மற்றப் பிரிவுகளும் வரிசையில் நிற்கும் என்னும் அச்சம் நிதித்துறையினருக்கு இருக்கத்தான் செய்யும். அந்த அச்சத்தை நான் இகழவில்லை. கருவூலச் சாவியை வைத்திருப்பவர் அடுத்த கையையும் எண்ணித்தான் முதல் கையில் கொடுக்க வேண்டும். ஆனால் 2009இல் மிச்சம் பிடித்தது மிச்சமே அல்ல. வட்டியோடு வளரும் ஒரு மனக்குறையை வாங்கி வைத்ததுதான்.

2012இல் ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி முதலியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாயில் அமர்த்தப்பட்டனர். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. ஊதியம் படிப்படியாக 10,000 ஆகவும், பின்னர் 12,500 ஆகவும் உயர்ந்தது. பல ஆண்டுகள் மே மாதம் அவர்களுக்கு ஊதியமின்றியே கழிந்தது. 2019 ஜனவரி 22ஆம் நாள் ஜாக்டோ-ஜியோ கூட்டமைப்பினர் ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்தபோது அரசு என்ன செய்தது? 10,000 ரூபாயில் தற்காலிக ஆசிரியர்களை எடுப்பதாக அறிவித்தது. விண்ணப்பத்துடன் இளைஞர் கூட்டம் வந்தது. ஆசிரியர் பயிற்சி முடித்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களை நாம் குறைகூற முடியுமா? அந்த வேலைநிறுத்தத்தின் முதன்மைக் கோரிக்கையோ, புதிதாகச் சேர்ந்தோருக்கும் பழைய ஓய்வூதியம் வேண்டும் என்பது. வாயிலுக்கு வெளியே நின்றவர்களின் எதிர்காலத்துக்காக உள்ளே இருந்தவர்கள் போராட, வெளியே நின்றவர்களைக் கொண்டே அது எதிர்க்கப்பட்டது. 2003இல் வரப்போகிறவர்களை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்றேன். பிற்காலத்தில் சங்கங்கள் எண்ணிப் பார்த்தன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

2020 மே மாதத்தில் ஓய்வு பெறும் வயது 58இலிருந்து 59 ஆயிற்று. 2021இல் 60 ஆயிற்று. ஓய்வுக்காலப் பணத்தை ஒரே நேரத்தில் பெருந்தொகையாகக் கொடுக்கும் நெருக்கடி அரசுக்கு ஈராண்டு தள்ளிப்போயிற்று. அந்த ஈராண்டு யார் கணக்கில் பற்றெழுதப்பட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவைத்த உங்கள் அண்ணன்மாரையும் அக்காள்மாரையும் கேட்டுப் பாருங்கள்.

இது நம் நாட்டுக்கே உரிய நோய் அன்று. ஒப்பந்தமும் பேரமும் சட்டப்படி உள்ள அமெரிக்காவில், இல்லினாய் மாநிலம் 2011 ஜனவரி முதல் நாளுக்குப் பின் சேர்ந்த ஆசிரியரை ‘இரண்டாம் அடுக்கு’ என்று பெயரிட்டே பிரித்தது. முழு ஓய்வூதியத்துக்கு அவர்கள் 67 வயது வரை காத்திருக்க வேண்டும். மேசை போட்டுப் பேசினாலும் மேசையருகே இல்லாதவருக்கு நேர்வது அதுவே போலும்.

அப்படியானால் பழைய ஓய்வூதியத்தை அனைவருக்கும் மீட்டுக் கொடுத்துவிடலாமே என்பீர்கள். நான் 58 வயதில் ஓய்வு பெற்று அந்தப் பழைய ஓய்வூதியத்தைப் பெறுபவன். ஆதலின் இதில் என் சொல்லைச் சற்றே சலித்து எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா மாநிலங்களும் பழைய முறைக்குத் திரும்பினால், மொத்தச் சுமை புதிய முறையில் ஆவதைப்போல் நான்கரை மடங்கு வரை செல்லக்கூடும் என்று 2023 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கியின் இதழில் வந்த ஆய்வுக் கட்டுரை கணித்தது. அச்சுமை முழுவதும் இன்று விழாது. 2040லும் 2050லும் விழும். அன்று வரி கட்டுபவர்களில் பலர் இன்னும் பள்ளிக்கே வரவில்லை. புதிய ஆசிரியரின் ஓய்வூதியத்தைப் பறித்தது எந்தக் காரணத்தால் முறையற்றதோ, அதே காரணத்தால், யாரையும் கேட்காமல் வருங்கால வரி செலுத்துவோர் பெயரில் உறுதிப்பத்திரம் எழுதிக் கொடுப்பதும் ஆராய வேண்டியதாகிறது. இரண்டிலும் அறையில் இல்லாதவர் மீதே கணக்கு எழுதப்படுகிறது. நாற்பது ஆண்டு உழைத்தவருக்கு முதுமையில் நிச்சயமான சோறு வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணமில்லை. அதற்கான பணத்தை உழைக்கும் காலத்திலேயே, இரு தரப்பும் சேர்ந்து, கண்முன்னே ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதே நான் சேர்த்துச் சொல்வது.

அண்மைக்கால முயற்சிகள் அந்தத் திசையில் செல்கின்றன. மத்திய அரசு 2025 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைப்படுத்திய ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், 25 ஆண்டு பணியாற்றியவருக்குக் கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரி அடிப்படை ஊதியத்தில் பாதி உறுதி செய்யப்படுகிறது. ஊழியர் பங்கு 10 விழுக்காடு, அரசின் பங்கு 18.5 விழுக்காடு. தமிழ்நாட்டு அரசும் 2026 ஜனவரியில், கடைசி ஊதியத்தில் பாதியை உறுதி செய்து, ஊழியரிடமிருந்து பத்து விழுக்காடு பெறும் திட்டம் ஒன்றை அறிவித்தது. உறுதி செய்த தொகைக்கும் திரளும் தொகைக்கும் இடையே வரும் பள்ளத்தை அரசே நிரப்ப வேண்டும். அந்தப் பள்ளத்தின் ஆழம் ஆண்டுதோறும் 50ஆம் எண் மானியக் கோரிக்கையில் தெரியவரும். வரவு செலவுத் திட்ட ஏடுகளை நிதித்துறை தன் இணையதளத்தில் தமிழிலும் வெளியிடுகிறது. 43ஆம் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல், 50ஆம் எண்ணையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.